மகளுக்கு இன்னொரு வீடு பார்த்துத் தந்தவருக்கு

அன்புள்ள அக்கா,

பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். அதனால் வெறும் அக்கா. வளரும் பிள்ளைகளை வெளிநாட்டுக் குடும்பங்களோடு தங்கவைத்து மொழி பழக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் உங்களுக்குக் கடன்பட்ட வீடு எங்களுடையது மட்டுமல்ல.

மகள் நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தவள். ஜெர்மனியில் தங்கப்போகும் குடும்பத்துக்கு அவள் எழுதிய அறிமுகக் கடிதம் நினைவிருக்கிறதா? பத்தாம் வகுப்பு மார்க், அரங்கேற்றம், அபாகஸ் சான்றிதழ் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் பயோடேட்டா மாதிரி இருந்தது. அயனம்பாக்கத்தில் எங்கள் ஹாலில் உட்கார்ந்து முக்கால்வாசியை அடித்தீர்கள். "காலையில எழுந்தா அரை மணி நேரம் யாரோடயும் பேச மாட்டியாமே, அதை எழுது. நாய்னா பயமா? அதையும் எழுது." நாய் இல்லாத, காலையில் தொணதொணக்காத வீடு அவளுக்கு அமைந்தது அந்த இரண்டு வரியால்தான்.

ஜெர்மனியில் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் சீஸும்தான், அடுப்புப் பற்றவைப்பதில்லை. முதல் வாரம் போனில் அழுதாள். தினமும் வீடியோ காலில் கூப்பிடத் துடித்த என்னை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று நிறுத்திவைத்தீர்கள். தமிழில் கொட்ட ஆளில்லாமல், அந்த வீட்டு அம்மாவிடமே தட்டுத்தடுமாறி ஜெர்மனில் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அங்கே சோறு வடித்தார்களாம்.

பிறகு அங்கிருந்து ஒரு பெண் எங்களிடம் வரவேண்டியபோது வீட்டைப் பார்க்க வந்தீர்கள். தனிக் கட்டில் உண்டா, அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வந்துபோகும் ஆண்கள் யார் யார்? என் மாமியாருக்குச் சுருக்கென்றது. "உங்க பேத்திக்காக அங்கேயும் ஒருத்தர் இதையெல்லாம் கேட்டிருப்பாங்கம்மா" என்றீர்கள். அடங்கிவிட்டார். அடுத்து, "எவ்வளவு தருவாங்க?" என்றார்.

"ஒரு பைசா கிடையாது."

அன்றைக்கு நீங்கள் சொன்ன கதையை இப்போது அவர் தெருவுக்கே சொல்கிறார். 1915இல் பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் படை. இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனை வரை வந்தது. போர் ஓய்ந்ததும் ஸ்டீபன் கலாட்டி தலைமையில் அதே ஆட்கள் 1947இல் பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கினார்கள். ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு அதுதான். அங்கே போலவே ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத்திலும் தங்கவைக்கும் வீட்டுக்குக் கூலி இல்லை. காசு கொடுத்துத் தங்கும் ஏற்பாடுகளும் நிறைய இருக்கின்றன, தப்பில்லை. ஆனால் காசு வாங்கும் வீட்டில் பிள்ளை விருந்தாளியாகவே இருந்துவிடலாம். வாங்காத வீட்டில் பாத்திரம் கழுவச் சொல்கிறார்கள், தம்பியோடு சண்டை போட விடுகிறார்கள். பேச்சு வருவது அங்கேதான் என்பது என் கட்சி.

நன்றி அக்கா. மாடி அறை இந்த வருஷமும் காலி. பையன் என்றாலும் சம்மதம். போர்வெல் தண்ணீர் உப்பு, மாமியார் குறட்டை இரண்டையும் விண்ணப்பத்தில் நானே எழுதிவிட்டேன். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அடைக்கு ஊறப்போட வேண்டும்.