பார்ட் டைம்காரங்களுக்கும் லீவு உண்டு

தைப்பூச அன்னதானத்துக்குப் பெயர் எழுதும்போது, எப்பவும் முதல் ஆளா காய் வெட்ட வர்ற தங்கச்சி ஒருத்தர், "இந்த வருஷம் லீவு கிடைக்காது அண்ணே"ன்னாங்க.

பாசிர் கூடாங் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷமா பார்ட் டைம் பேக்கிங் வேலை. 11 நாளா இருந்த வருட லீவு, புது கொன்ட்ராக்கில் 6 நாளாம். "பார்ட் டைமுக்கு அவ்வளவுதான்"னு ஆபீசில் சொல்லிட்டாங்க.

அப்படிக் கிடையாது. 2010-ல் வந்த பகுதிநேர ஊழியர் விதிமுறைப்படி, முழுநேர வேலை நேரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரைக்கும் வேலை செய்றவங்களுக்கு, முதல் 2 வருஷம் 6 நாள், 5 வருஷம் வரை 8 நாள், அதுக்கு மேல் 11 நாள். எல்லாம் சம்பளத்தோட. (ஃபுல் டைமுக்கு 8, 12, 16.) இதுக்குக் குறைவா எழுதின கொன்ட்ராக்கில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

பொது விடுமுறை குறைஞ்சது 7 நாள். ஆனா தைப்பூசம் அதுல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. வருஷ ஆரம்பத்திலேயே கேட்டு வைங்க.

நானும் சுப்பர்வைசர்தான். ஆள் பத்தாத கஷ்டம் தெரியும். அதுக்குன்னு ஆறு வருஷம் நின்ன ஆளோட லீவிலா கை வைக்கிறது?

முதலில் எச்.ஆர். கிட்ட எழுத்தில் கேளுங்க, ஒரு நகல் வச்சுக்குங்க. பதில் இல்லன்னா தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். இதே பிரச்சினை உள்ளவங்க கொன்ட்ராக்கும் சம்பள ஸ்லிப்பும் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு மடப்பள்ளி பக்கம்தான் இருப்பேன்.