டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? தண்ணியில எது தாங்கும்?

ஆரணின்னதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. ஊர் பேரையே வைத்திருக்கும் ஆறு பொன்னேரியைத் தாண்டி பழவேற்காட்டுப் பக்கம் போய் முடிகிறது. அங்கே மீன் பிடிக்கப் போகும் ஃபைபர் படகானாலும் சரி, வாட்டர் ஸ்கூட்டரானாலும் சரி, நடுத்தண்ணியில் இன்ஜின் நின்றால் தள்ளிக்கொண்டு வர முடியாது. அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

முதலில் ரோட்டுக் கதை. புல்லுக்கட்டும் பால்கேனும் சுமந்த பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம் எதுவும் கிடையாது. பாகங்கள் குறைவு, பிரிப்பதும் மாட்டுவதும் சுலபம். பாகம் குறைவு என்றால் ஆயுள் அதிகம்தானே?

அங்கேதான் சிக்கல். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒரு வெடி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு சுற்றுக்கு ஒன்று. டூ ஸ்ட்ரோக் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைப்பது பெட்ரோலோடு வரும் கொஞ்சம் ஆயில் மட்டுமே. அது குறைந்தால் பிஸ்டன் சீஸ். வாட்டர் ஸ்கூட்டரோ பெரும்பாலும் ஃபுல் த்ராட்டிலில்தான் ஓடும். அதனால் சில நூறு மணி நேரத்திலேயே பிஸ்டன், ரிங் வேலை வந்துவிடும். ஒழுங்காக ஆயில் மாற்றிய ஃபோர் ஸ்ட்ரோக் அதைவிடப் பல மடங்கு ஓடும்.

ஆனால் வண்டி கவிழ்ந்து தண்ணி உள்ளே போனால்? டூ ஸ்ட்ரோக்கில் பிளக்கைக் கழற்றி, தண்ணியை வெளியேற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்துவிடலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலோடு தண்ணி கலந்து மோர் மாதிரி ஆகிவிடும். ரெண்டு மூன்று முறை ஆயில் மாற்றியாக வேண்டும். உப்புத்தண்ணி மட்டும் ரெண்டுக்கும் பொது எதிரி. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணி விட்டுக் கழுவாவிட்டால் எதுவும் தாங்காது.

கடைசியில் டூ ஸ்ட்ரோக்கை ஓரம் கட்டியது ஆயுள் அல்ல, புகை. பழைய கார்புரேட்டர் மாடல்களில் கால் பங்கு பெட்ரோல் வரை எரியாமலே வெளியே போகும். அமெரிக்கா 1996-ல் இதற்கு விதி கொண்டுவந்தது. 2002-ல் யமஹா எஃப்எக்ஸ் 140 ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்தது. நின்றுகொண்டு ஓட்டும் சூப்பர்ஜெட்கூட 2021 மாடலில் மாறிவிட்டது.

சரி, காமர்ஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே ஸ்ட்ரெயிட் லைன் தேய்மானம் உதவாது, மெஷின் அவர் ரேட்தான் சரி. உதாரணத்துக்கு, 3,00,000 ரூபாய் ஃபோர் ஸ்ட்ரோக் 1,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 300 ரூபாய். 1,50,000 ரூபாய் டூ ஸ்ட்ரோக்குக்கு 300 மணிக்கு ஒருமுறை 30,000 செலவு என்று வைத்தால், ரெண்டு ரிப்பேரோடு 900 மணிக்கு 2,10,000. மணிக்கு சுமார் 233. அட, டூ ஸ்ட்ரோக் ஜெயித்துவிட்டதே! அவசரப்பட வேண்டாம். பெட்ரோலும் ஆயிலும் மணிக்கு 100 ரூபாய் கூடுதலாகக் குடித்தால் 333. கணக்கு தலைகீழ்.

ஆக, அடிக்கடி ஓட்டுபவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக். எப்போதாவது ஓட்டி, தானே ஸ்பேனர் பிடிப்பவருக்கு டூ ஸ்ட்ரோக் நஷ்டமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் மட்டும் எந்த வருஷத்து மாடல் என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேளுங்கள், கம்ப்ரஷன் பாருங்கள். பளபளக்கும் பெயின்ட் கரை சேர்க்காது :)