கை தானாக விழும் வரை

மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு தொக்கணம் என்கிற மசாஜ் சிகிச்சைக்கு வருபவர்கள் குறைவு. கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம், பின்மண்டையில் பாரம், காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது, நடுராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குப் பிறகு தூக்கமில்லை. இப்படித்தான் பேச்சு ஆரம்பிக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பார்கள். வேலை எப்படிப் போகிறது, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லையா, கடன் ஏதும் உண்டா என்று கை வைப்பவர் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. படுக்கச் சொல்லிவிட்டு முதலில் மூச்சைப் பார்ப்பார். அது வயிறுவரை இறங்குகிறதா, மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறதா? தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றனவா? கால் கட்டைவிரல்கள் விறைத்து நிற்கின்றனவா? மாதக்கணக்கில் நெருக்கடியோடு வாழ்பவரின் உடம்பு இதையெல்லாம் கேட்காமலேயே காட்டிவிடும்.

சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32. அவற்றில் ஒன்று தொக்கணம். அதிலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது செய்முறைகள் உண்டு. வருபவர்கள் எதிர்பார்ப்பது முதல் ஏழைத்தான். நன்றாக அமுக்க வேண்டும், முறுக்கி எடுக்க வேண்டும், மறுநாள் உடம்பு வலிக்க வேண்டும். அப்போதுதான் கொடுத்த காசுக்கு வேலை நடந்ததாக மனம் ஒப்பும். கடைசியாக வரும் அசைத்தலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாள்பட்ட மன அழுத்தத்தோடு வருபவரிடம் இந்தத் தொழிலின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

மல்லாந்து படுத்திருப்பவரின் மணிக்கட்டை ஒரு கையாலும் முழங்கையை மறு கையாலும் தாங்கி, அரையடி உயரத்துக்குத் தூக்கி, மெல்ல ஆட்ட வேண்டும்.

“லூசா விடுங்க சார்.”

“விட்டுட்டேனே.”

தாங்கிய கைகளைச் சற்றே கீழே இறக்கிப் பார்த்தால், அவருடைய கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். யாரும் பிடித்திருக்கவில்லை. அது தன் கை என்று அவருக்கே நம்ப முடியாது. தலையிலும் இதே கதைதான். பெரியவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். பின்மண்டைக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்துத் தூக்கப் போனால், தூக்கும் முன்பே அவர் தலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். உதவி செய்வதாக நினைத்துக்கொள்வார். “வெயிட்டை என்கிட்ட விடுங்கக்கா, நான் பிடிச்சுக்குறேன்” என்று சொன்னால், இரண்டு நொடி விடுவார். மூன்றாவது நொடியில் கழுத்துத் தசை மறுபடியும் வேலைக்குக் கிளம்பிவிடும். அலுவலகத்தில் பத்துப் பேரின் பொறுப்பைச் சுமக்கும் ஒருவரால், படுத்த நிலையில் தன் தலையின் பாரத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க முடிவதில்லை. சோம்பலும் பிடிவாதமும் இதற்குக் காரணம் இல்லை. விடுவது எப்படி என்பது உடம்புக்கு மறந்துபோயிருக்கிறது.

ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பிலிருந்துதான் மன அழுத்தம் பற்றிய நவீன ஆய்வு தொடங்குகிறது. எலிகளுக்கு எந்த வகைத் தீங்கு நேர்ந்தாலும், குளிரோ காயமோ விஷமோ, உடம்பு ஏறக்குறைய ஒரே பாணியில் எதிர்வினை காட்டுவதை அவர் கண்டார். புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் இன்னொன்றைச் சேர்த்தார்கள். ஆபத்தைச் சமாளிக்க உடம்பு செய்யும் ஏற்பாடுகளே, ஓய்வின்றித் தொடர்ந்தால், ரத்த நாளங்களையும் வளர்சிதை மாற்றத்தையும் தேய்க்கத் தொடங்குகின்றன என்றார்கள். துரத்திய புலி போய்விட்டது, உடம்புக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தரத்தில் நிற்கும் கை அதைத்தான் காட்டுகிறது.

ஆகவே ஒரே ஒரு அமர்வில் பெரிதாக எதையும் மாற்றிவிட முடியாது. அன்று நன்றாகத் தூக்கம் வரும், மறுநாள் கழுத்து லேசாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய இறுக்கம் திரும்பிவிடும். “போன வாரம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும் வந்துடுச்சு” என்று சொல்பவரிடம், சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கை வைப்பவர் நினைப்பதில்லை. முறை வைத்து வரச் சொல்வார். அதே கிழமை, அதே நேரம், முடிந்தால் அதே கை. ஆள் மாறினால் உடம்பு மறுபடியும் முதலிலிருந்து ஆராயத் தொடங்கும். மூன்றாம், நான்காம் முறை வரும்போது ஏதோ ஒரு கட்டத்தில், தாங்கிய கையை இறக்கியதும் அவர் கையும் கூடவே இறங்கும். பேச்சின் நடுவே நடப்பதால் பல சமயம் அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கை வைப்பவர் கவனிப்பார்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், ஆய்வுகளைப் பார்த்து நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மசாஜ் செய்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சரிந்துவிடும் என்று எல்லா விளம்பரங்களும் சொல்கின்றன. இதற்கு மூலம் மயாமி பல்கலைக்கழகத்தின் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 2005இல் எழுதிய தொகுப்பு. சராசரியாக 31 சதவீதம் குறைவதாக அதில் இருக்கிறது. கிறிஸ்டோபர் மோயரும் சகாக்களும் 2011இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் கறாராகக் கணக்கிட்டார்கள். கார்ட்டிசால் குறைவது மிகச் சிறிய அளவில்தான், பல இடங்களில் பூஜ்யத்திலிருந்து பிரித்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று தெரிந்தது. அதே மோயர் 2004இல் 37 ஆய்வுகளைத் திரட்டிச் செய்த அலசலில், தொடர்ச்சியாக மசாஜ் பெற்றவர்களின் சுபாவமான பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததுதான் ஆகப் பெரிய பலனாகத் தெரிந்தது. உளவியல் ஆலோசனையால் கிடைக்கும் பலனோடு அதை ஒப்பிடலாம் என்றும் எழுதினார். ஆக, பலன் உண்டு. அது வரும் வழிதான் விளம்பரம் சொல்கிற வழி இல்லை.

மார்க் ராப்பபோர்ட் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து வாரம் தொடர்ந்து மசாஜ் செய்தார்கள். சிலருக்கு வாரம் ஒரு முறை, சிலருக்கு இரு முறை. உடம்பில் உண்டான மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போயின, பல நாள் நீடித்தன; வாரத்துக்கு எத்தனை முறை என்பதைப் பொறுத்து மாற்றத்தின் தன்மையும் வேறுபட்டது. முறை வைத்து வரச் சொல்லும் வழக்கத்துக்கு இது ஓரளவு துணை நிற்கிறது.

சியாட்டிலில் கேரன் ஷெர்மன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது. பதற்ற நோய் உள்ள 68 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ், இன்னொன்றுக்குக் கைகால்களில் வெதுவெதுப்பான ஒத்தடம், மூன்றாவது பிரிவுக்கு மங்கலான வெளிச்சமும் மெல்லிசையும் உள்ள அறையில் படுத்து ஆழ்ந்து மூச்சு விடுவது மட்டும். 12 வாரத்தில் பத்து அமர்வுகள். மூன்று பிரிவிலும் பதற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது; ஆறாவது மாதத்திலும் அந்தக் குறைவு நிலைத்தது. மசாஜ் தனியாக எதையும் கூடுதலாகத் தரவில்லை.

இதைப் படித்துவிட்டு மூடி வைப்பது சரியில்லை. பத்து முறை, முன்கூட்டிக் குறித்த நேரத்தில், அலைபேசி இல்லாத அறையில், யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். அதுவே பாதி மருந்து. நம் ஊரில், வீட்டில் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் இருக்கும் ஒரு பெண், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தால் நாலு பேர் வந்து என்னாச்சு என்று கேட்பார்கள். ‘கழுத்து வலிக்கு எண்ணெய் வைக்கப் போகிறேன்’ என்றால் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு வாங்கிக் கொடுப்பதும் கை வைப்பவரின் வேலையில் சேர்ந்ததுதான். நடுவில் அலைபேசி அடிக்க விடுவதும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தேய்ப்பதும் மருந்தில் பாதியைக் கொட்டிவிடுகின்றன.

மீதிப் பாதி கையின் வேகத்தில் இருக்கிறது. முடி முளைக்கும் தோலில் மெதுவான வருடலை மட்டும் தேடிப் பிடித்து மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பிழைகள் உண்டு. லீனே லோக்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் முன்கை நரம்பிலிருந்தே இவற்றின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீவும்போது அவை அதிகம் துடித்தன. இதமாக இருப்பதாக மனிதர்கள் சொன்னதும் அதே வேகத்தைத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுமார் 25 சென்டிமீட்டர். நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்றால் அந்தத் தூரத்தைக் கடக்க எட்டு நொடி ஆகும். தொழிலுக்குப் புதிதாக வந்தவர் அதை இரண்டு நொடியில் கடந்துவிடுவார். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய தைலத்தை முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்ப்பது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போதும் ஒரு கையை முதுகிலிருந்து எடுக்காமலே நடப்பது, அவர் மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைக் கூட்டுவது என்று கற்றுக்கொள்வதெல்லாம் படுத்திருப்பவரைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதற்காகவே. ஏற்கெனவே எச்சரிக்கையாக இருக்கும் உடம்புக்கு ஒரு சின்ன அதிர்ச்சியும் பழைய கணக்கைத் திறந்துவிடும்.

அமுக்கி நொறுக்கினால்தான் பலன் என்ற நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவது அன்றாட வேலை. 2011இல் டேனியல் செர்கின் குழு நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 401 பேரிடம் நடத்திய ஆய்வில், திசுக்களைக் குறிவைத்த நுட்பமான மசாஜும் வெறுமனே இளைப்பாற வைக்கும் மசாஜும் ஒரே அளவு உதவின. முரட்டு வலியில் உடம்பு இன்னும் இறுகத்தான் செய்யும். அதைவிட மோசம், முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்துப் படக்கென்று திருப்பி நெட்டி எடுப்பது. கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் அதில் கிழிந்தால் பக்கவாதம்வரை போய்விடும். இலவசமாகச் செய்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். லாக்டிக் அமிலம் வெளியேறுகிறது, கழிவு கரைந்து போகிறது என்ற பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. 2012இல் கனடாவில் கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசைத் திசுவையே எடுத்துச் சோதித்தபோது, மசாஜால் லாக்டேட் அளவு மாறவில்லை. அழற்சி தொடர்பான அடையாளங்கள்தான் குறைந்திருந்தன.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சல், புதுக் காயம், தோல் தொற்று, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, கர்ப்பம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தைலத்தைத் தொட வேண்டும். இடது தோளும் கையும் வலிக்கிறது, படி ஏறினால் கூடுகிறது என்பவரைப் படுக்க வைக்காமல் நேராக இதய மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அது தைலத்தால் தீரும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடம் போகும்வரை கூட இருந்து பேச வேண்டும். சிலர் தோளில் கை வைத்ததும் அழுதுவிடுவார்கள். ஏன் என்று கேட்காமல், கையை எடுக்காமல் இருந்தால் போதும்.

கை வைப்பவரின் உடம்பைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். பெருவிரல் மூட்டுத் தேய்வதும் இடுப்பு வலியும் இந்தத் தொழிலில் சகஜம். விரல் பலத்தில் வேலை செய்பவர் நெடுநாள் தாக்குப்பிடிக்க மாட்டார். பாதத்தை ஊன்றி, உடல் எடையை முன்கை வழியாக இறக்கத் தெரிந்தவர் தாக்குப்பிடிப்பார். அடுத்தடுத்து ஆள் போட்டு வேலை வாங்கும் இடங்களில் சாயங்காலம் ஆனதும் கை அவசரப்படத் தொடங்கிவிடும், எட்டு நொடி மூன்றாகிவிடும். அந்த அவசரம் படுத்திருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும்.

பெயர்ப்பலகையில் ‘மசாஜ்’ என்று எழுதினாலே தப்பான அழைப்புகள் வரும் ஊரில், இந்த வேலையைக் கண்ணியமாகச் செய்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், தினமும் படும் சங்கடம் கொஞ்சமில்லை. வருபவர்களுக்கும் தயக்கம் இருக்கிறது, செலவும் இடிக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களின் புற மருத்துவப் பிரிவுகள் செலவுச் சிக்கலுக்கு ஒரு வழி. தயக்கத்துக்கு இன்னொரு வழியைச் சான் பிரான்சிஸ்கோவின் டேவிட் பால்மர் காட்டினார். ஜப்பானின் ‘அன்மா’ முறையைத் தழுவி, உடையோடு, எண்ணெய் இல்லாமல், உட்கார்ந்த நிலையிலேயே 15 நிமிடத்தில் செய்யும் முறையை 1980களில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். நெஞ்சைச் சாய்த்து முகத்தை வைத்துக்கொள்ளும் தனி நாற்காலி 1986இல் சந்தைக்கு வந்தது. எல்லோரும் பார்க்கும் கூடத்தில் நடப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரவுப் பணி முடித்த செவிலியர்களும், பேருந்துப் பணிமனைகளில் வண்டியை ஒப்படைத்துவிட்டு இறங்கும் ஓட்டுநர்களும்தான் இதற்கு முதல் உரிமை உள்ளவர்கள். அவர்களிடம் ஒரு மணி நேரம் இல்லை, பதினைந்து நிமிடம் இருக்கும். அந்த நாற்காலியை மடித்தால் காரின் டிக்கிக்குள் அடங்கிவிடும். நிர்வாகம் ஒதுக்க வேண்டியது ஒரு மூலையும், வாரம் தவறாமல் ஒரு பிற்பகலும், கை வைப்பவருக்கு நியாயமான கூலியும்.