கயிற்றில் திறக்கும் ஜன்னல்

மும்பை மாட்டுங்காவின் பழைய கட்டடங்கள் சிலவற்றில், ஜன்னலுக்கு மேலே கை எட்டாத உயரத்தில், நடுவில் அச்சு வைத்துச் சாயும் இரும்புச் சட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. வீட்டில் அதற்கு வென்டிலேட்டர் என்றுதான் பெயர். திறந்தால் மேல்பாதி அறைக்குள் வரும், கீழ்ப்பாதி வெளியே போகும். மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழிந்து வெளியே சொட்டும். திருப்பி மாட்டிவிட்டால் ஜூலை மழை அத்தனையும் கூடத்தில்தான்.

இதைப் பூட்டுவது மேல்சட்டத்தின் நடுவில் உள்ள பித்தளை ஸ்பிரிங் தாழ். மூடும்போது அதன் நாக்கு, வெளிச்சட்டத்தில் பதித்த தகட்டில் உரசிப் பின்வாங்கும். தாண்டியதும் ‘டக்’கென்று முன்னே பாய்ந்து பிடித்துக்கொள்ளும். தாழின் வளையத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் நாக்கு விடுபடும், அதே இழுப்பில் கண்ணாடியும் சாயும். ஏணி வேண்டாம். இந்தச் சிக்கனம் யாருடைய யோசனை என்பதே என் தேடல்.

முதலில் கிடைத்தது இரும்புக் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1038. கிண்ண அச்சு, ஸ்பிரிங் தாழ், கயிறு ஓடும் கப்பி எல்லாம் இந்த வகைக்கு வழக்கமான உறுப்புகள். கண்ணாடி சுமார் 85 பாகை வரை சுழலும். எந்தச் சாய்விலும் நிற்கும்படி எடை சமமாக இருக்க வேண்டும். சட்டம் இரும்பு; உரசும் இடத்தில் மட்டும் பித்தளை அல்லது வெண்கலம். கடற்காற்றில் துருவேறிய தாழை எந்தக் கயிறும் அசைக்காது.

அதற்கு முந்தைய தடம் இங்கிலாந்துக்குப் போகிறது. பிரெயின்ட்ரீ ஊரில் கிரிட்டால் குடும்பத்தார் 1884இல் உலோக ஜன்னல் செய்யத் தொடங்கினார்கள். மெல்லிய இரும்புச் சட்டம் 1930களின் ஆர்ட் டெக்கோ கட்டடங்களுக்குப் பொருந்திப் போனது. மாட்டுங்கா வளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் காற்றுக்காக இவ்வளவு மெனக்கெட்டது ஏன்? 1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. தாதர், மாட்டுங்காவில் அகலத் தெருக்களோடு புதுக் குடியிருப்புகளைத் திட்டமிட்டது. நெரிசலும் கெட்ட காற்றுமே நோய்க்கு வேர் என்ற அச்சம் அப்போது வலுவாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், குற்றவாளி எலித்தெள்ளு என்று போல் லூயி சீமோன் கராச்சியில் கண்டறிந்ததும் அதே 1898இல்தான். காரணம் தப்பானாலும் வீட்டுக்குக் காற்று கிடைத்தது.

எக்சாஸ்ட் ஃபேனும் ஏசியும் வந்தபின் அந்தக் கயிற்றுக்கு வேலை போயிற்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது சட்டங்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. தாராவியில் ஒரு கடை வாசலில் அப்படிப்பட்ட சட்டம் ஒன்றைப் பார்த்தேன்: அச்சு இருந்தது, கப்பிகூட இருந்தது. தாழ் இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும். பித்தளைக்கு விலை அதிகம். அதைத்தான் முதலில் கழற்றுவார்கள்.