புலி இருந்த வண்டியில் புதுக்குடித்தனம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாத நள்ளிரவில், ஒடிசாவின் பாலாசோரிலிருந்து கொல்கத்தாவுக்குப் புறப்பட்ட சர்க்கஸ் கம்பெனி ஒன்றின் லாரி வரிசையில் பதினோராவதாக ஒரு வீடு போனது. 16 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டு சக்கரம், தகரக் கூரை, இரண்டு ஜன்னல், ஈரம் காயாத நீலப் பெயின்ட். ஜெனரேட்டர் லாரியின் பின்னால் கொக்கி மாட்டி அதை இழுத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கத்து ஆள். கம்பெனியின் ஜெனரேட்டர் மெக்கானிக். கூடாரத்தில் விளக்கு எரிவது அவர் கையில் இருப்பதால் எல்லோருக்கும் அவர் 'லைட் மாஸ்டர்'. மனைவி வங்காளி, கானிங் ஊர்க்காரர். பன்னிரண்டு வயதில் கம்பெனிக்கு வந்து, பார் விளையாட்டில் பதினைந்து வருஷம் பறந்து, தோள்மூட்டு நழுவியதும் கீழே இறங்கித் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். இளம் கலைஞர்கள் அவரை 'தீதி' என்பார்கள், அக்கா. கல்யாணமான நாள் முதல் இருவருக்கும் கூடாரம்தான் வீடு. ஊருக்கு ஊர் முளை அடித்து, கயிறு இழுத்து, மண் தரையில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் கட்டில் போட வேண்டும். மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் வாய்க்கால் ஓடும்.

புது வீடு என்றாலும் அடிச்சட்டம் பழசு. ஒரு காலத்தில் அதன் மேல் கம்பிக் கூண்டு இருந்தது. கூண்டில் புலிகள் இருந்தன. கரடி, குரங்கு, சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001இல் சுப்ரீம் கோர்ட் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. மேற்கு வங்கத்தின் வடகோடியில், தெற்கு கயேர்பாரி காட்டோரத்தில், சர்க்கஸ் புலிகளுக்கென்று ஒரு காப்பகம் அமைந்தது. இந்த வண்டியில் இருந்தவையும் அங்கேதான் போயின என்பது கம்பெனியில் உலவும் பேச்சு. அதற்குப் பிறகு வண்டி கூடாரக் கம்பங்களைச் சுமந்தது; பிறகு அதுவும் இல்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. மாஸ்டர் அதை முதலாளியிடம் கேட்டு வாங்கினார். ஒன்றரை வருஷம், ஊருக்கு ஊர் கிடைத்த இரும்பையும் பிளைவுட்டையும் வைத்துக் கட்டினார். பொறுமைசாலி என்று சொல்லலாம்; அல்லது கையில் அவ்வளவுதான் காசு இருந்தது என்றும் சொல்லலாம்.

சக்கரம் வைத்த வீடு கொல்கத்தாவுக்குப் புதிதல்ல, கதையிலாவது. ஜூல்ஸ் வெர்ன் 1880இல் எழுதிய 'நீராவி வீடு' நாவலில், இரும்பால் செய்த நீராவி யானை ஒன்று இரண்டு பெரிய வீடுகளை இழுத்துக்கொண்டு இந்த நகரத்திலிருந்துதான் வடக்கே கிளம்புகிறது. வெள்ளைக்கார துரைகளுக்கு முன்வண்டி. சமையல்கட்டும் வேலைக்காரர்களும் பின்வண்டி. நிஜ சர்க்கஸிலும் வெகுகாலம் யானைகள்தான் சேற்றில் சிக்கிய வண்டிகளைத் தள்ளிவிட்டன, கம்பங்களை இழுத்தன. நம் ஊர் சர்க்கஸும் ஏறக்குறைய அந்தக் காலத்தில் பிறந்ததுதான். விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸை நடத்தியது 1880இல். கல்கத்தாவில் பிரியநாத் போஸ் 'கிரேட் பெங்கால் சர்க்கஸ்' தொடங்கியது 1887இல். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி வைத்தது 1901இல். வங்காளமும் மலபாரும் அன்று போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. மாஸ்டரின் கம்பெனியில் கணக்கு மலையாளத்திலும் திட்டு இந்தியிலும் நடக்கும். சாப்பாட்டுத் தகராறு எல்லா மொழிகளிலும்.

மாஸ்டருக்கு வீடு கட்டுவதைவிடப் பதிவு செய்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 61வது பிரிவு, இழுபடும் ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்கிறது. அதன் எண்ணை வண்டியின் பக்கவாட்டில் எழுத வேண்டும். பின்னால் அதை இழுக்கும் வண்டியின் எண் இருக்க வேண்டும். ஆக வீட்டுக்கு இரண்டு எண். "பக்கத்துல எங்க நம்பர், முதுகுல லாரி நம்பர்" என்று மாஸ்டர் சிரிப்பார். தீதிக்கு அது அவ்வளவாகச் சிரிப்பு வரவழைக்கவில்லை. கட்டிய வீட்டின் முதுகில் கம்பெனி லாரியின் நம்பர் இருப்பதன் பொருள் அவருக்குத் தெரியும்.

பாலாசோர் தாண்டியதும் சோதனை தொடங்கியது. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், வீடு இடமும் வலமும் வாலை ஆட்ட ஆரம்பித்தது. லாரி டிரைவர் பீகார்க்காரர். ஜலேஸ்வரில் ஓரங்கட்டி இறங்கி, "மாஸ்டர்ஜி, நீங்க கட்டினது வீடில்ல, பாம்பு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி, இரும்பு டிரங்குப் பெட்டிகள், தையல் மிஷின் எல்லாம் வீட்டின் பின்பாதியில் இருந்தன. இரண்டு சக்கர வண்டியில் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் கொக்கியைத் தூக்கப் பார்க்கும். பிறகு லாரி ஒரு பக்கம் போனால் வீடு மறுபக்கம் போகும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுந்தி நிற்க வேண்டும். மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள் நுகத்தடியில் பாரம் பார்ப்பார்களே, அதே கணக்கு. மாஸ்டருக்குத் தெரியாததல்ல, கட்டிய மகிழ்ச்சியில் மறந்துவிட்டார். பனிக்குளிரில் தொட்டியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார்கள். மிஷினையும் பெட்டிகளையும் முன்பக்கம் தள்ளிக் கட்டினார்கள். வாலாட்டம் நின்றது.

தீதிக்குப் புது வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டு வர ஆசை. ஓடும் ட்ரெய்லரில் ஆள் இருக்கக் கூடாது என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரியின் முன்சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் வீட்டின் நீல மூலையைப் பார்த்தபடி வந்தார். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றின் மேல் மூடுபனி இறங்கியிருந்தது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. அங்கே நிறுத்தி, மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு விடியக் காத்திருந்தார்கள். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஓடும் 16ஆம் எண் நெடுஞ்சாலைதான் அது. இதே சாலையில் திரும்பி நேராகப் போனால் எத்தனை நாளில் தமிழ்நாடு என்று தீதி கேட்டார். மாஸ்டர் கணக்குப் போட்டுச் சொன்னார். பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சரக்கு லாரிகளைப் பகலில் நகரத்துக்குள் விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு பகல் முழுக்கக் காத்துக் கிடந்து, மறுநாள் இரவு நிவேதிதா சேது வழியாக கங்கையைக் கடந்தார்கள். பாலத்தின் தூண்களை தட்சிணேஸ்வரம் கோயில் கோபுரத்தைவிட உயராதபடி கட்டியிருக்கிறார்கள். 2007இல் திறந்த பாலம் என்றாலும் கண்ணில் முதலில் படுவது கோயில்தான். தீதி கும்பிட்டுக்கொண்டார். டன்லப் முனையில் திரும்பி, பாராக்பூர் டிரங்க் ரோட்டில் இறங்கினால் சிந்தி. அங்கே குளிர்காலத்தில் சர்க்கஸ் நிற்கும் மைதானத்துக்கு சர்க்கஸ் மைதானம் என்றே பெயர்.

கொல்கத்தாக்காரர்களுக்குக் குளிர்காலம் என்றால் சில விஷயங்கள் கட்டாயம்: புதுப் பேரீச்ச வெல்லம், டார்ஜிலிங் ஆரஞ்சு, அலிப்பூர் மிருகக்காட்சிசாலை, காதை மூடும் குரங்குக் குல்லா, சர்க்கஸ். ஜனவரியில் சராசரி இரவு வெப்பநிலை 14 டிகிரி அளவில் இருக்கும். டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் தகர வீட்டுக்குள் 14 டிகிரி என்பது வேறு சமாசாரம்.

முதல் நாள் முழுக்க வீட்டைச் சமமாக நிறுத்துவதில் போனது. வண்டல் மண், நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால், இரவில் ஒரு மூலை அமிழ்ந்துவிடும். அடியில் அகலமான மரப்பலகைகளைப் போட்டார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு. தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கினார் மாஸ்டர். கடைசியில் தண்ணீர் அசையாமல் நின்றது. தீதி பால் காய்ச்சினார்.

மறுநாள் காலை கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையே இல்லை. ஜன்னல் கதவு எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு தூங்கியதில், இரண்டு பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாகப் போர்வையின் மேல் விழுந்திருக்கிறது. ஈரத்தில் ஏதோ ஒரு வாடையும் கிளம்பியது. புலி வாடை என்றார் தீதி. பெயின்ட் வாடை என்றார் மாஸ்டர். இந்த வழக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்தது.

பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் பரிவோடு ஒரு கும்முட்டி அடுப்பில் கரி போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் ஐந்து நிமிஷத்தில் சூடு ஏறிவிடும் என்றார்கள். மாஸ்டர் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார். பரிவைத் தள்ளிவிட்டதாகத் தீதிக்குக் கோபம். மாஸ்டர் ஜெனரேட்டரோடு வாழ்ந்தவர். மூடிய இடத்தில் புகை என்ன செய்யும் என்று அறிந்தவர். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் மூடிய அறையில் கணப்பு வைத்துப் படுத்த குடும்பங்களின் செய்தி பத்திரிகைகளில் வரத்தான் செய்கிறது. கூடாரத்தில் ஆயிரம் ஓட்டை உண்டு. புது வீட்டில் ஓட்டை இல்லை. சௌகரியத்தோடு சேர்ந்து வந்த ஆபத்து இது. இதைச் சொல்லி விளங்கவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

கூரைக்குக் கீழே பழைய கூடாரத் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினார்கள். மேலே ஒரு கையகலத் திறப்பை எப்போதும் மூடாமல் விட்டார்கள். சூட்டுக்கு வழி செய்தவர் பஞ்சடிக்கிறவர். குளிர்காலம் வந்தால் வில்லைத் தோளில் மாட்டி, நரம்பைச் சுண்டி 'டிங் டிங்' என்று ஒலி எழுப்பியபடி கொல்கத்தாவின் சந்துகளில் வருவார்கள். மைதானத்திலேயே உட்கார்ந்து பஞ்சை அடித்து, சிவப்புத் துணியில் திணித்து, 'லேப்' என்று சொல்லும் கனத்த மெத்தைப்போர்வை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். கொஞ்சம் சின்னதாக இன்னொன்றுக்கும் தீதி சொல்லியிருந்தார்.

அந்தச் சின்னதுதான் விஷயம். வீடே அதற்காகக் கட்டியது. மகள் கானிங்கில் பாட்டியிடம் இருந்து படிக்கிறாள். ஆறாம் வகுப்பு முடியும் நேரம். சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்பதற்கு சுப்ரீம் கோர்ட் 2011இல் உத்தரவிட்டது. அது சரியான உத்தரவு என்பதில் பன்னிரண்டு வயதில் வந்த தீதிக்குச் சந்தேகமே இல்லை. மகள் வலையில் விழுந்து பழக வேண்டாம். ஆனால் கண் முன்னால் வளரட்டும் என்பதுதான் ஆசை. கூடாரத்தில் பெண்குழந்தையை வைத்து வளர்க்க முடியாது என்று பாட்டி சொல்வார். பூட்டுப் போடக்கூடிய கதவு வேண்டும் என்பார். கதவு வந்துவிட்டது. முன்பக்கம், கொக்கிக்கு மேலே, மகளுக்கென்று ஒரு பலகைப் படுக்கை. தலைமாட்டில் படிக்க விளக்கு. கால்மாட்டில் தீதியின் துணி அலமாரி.

பரீட்சை முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பாட்டியோடு லோக்கல் ரயிலில் சியால்தா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். இரண்டு நம்பர் எதற்கு என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் பலகையில் படுத்துப் பார்த்தாள். கால் அலமாரியில் இடித்தது. போன குளிர்காலத்தில் கயிறு பிடித்து எடுத்த அளவு. ஒரு வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள்.

"பரவாயில்லப்பா, சுருண்டு படுத்துக்கறேன்" என்றாள் வங்காள வாசனையடித்த தமிழில்.

மாஸ்டர் பதில் சொல்லாமல் ரம்பத்தை எடுத்து, அலமாரித் தடுப்பில் ஒரு சதுரம் அறுத்தார். ராத்திரி அவள் கால் இரண்டும் தீதியின் சேலைகளுக்கு நடுவே இருந்தன. எட்டு நாள் மூன்று பேரும் அந்த வீட்டில் இருந்தார்கள். கூரை சொட்டவில்லை.

பள்ளியின் புது வருஷம் ஜனவரி 2ஆம் தேதி. அதற்கு முந்தின இரவு தீதி மகளிடம் கேட்டுவிட்டார்: எங்களோடேயே வந்துவிடுகிறாயா?

மகள் உடனே மறுக்கவில்லை. "அடுத்த ஊர் எது?" என்றாள்.

"ஜாம்ஷெட்பூர்."

"அங்க ஸ்கூல்ல என்ன பாஷை?"

"இந்தி."

"அதுக்கு அடுத்தது?"

அது முதலாளிக்கே இன்னும் தெரியாது. பாட்டி சிவப்பு லேப்பை மடித்துக் கயிறு போட்டுக் கட்டினார், கானிங்கிலும் குளிர்தான்.

பொங்கல் கழித்து முகாம் கலைந்தது. ஜாக்கிகளை இறக்கி, பலகைகளைத் தோண்டி எடுத்து, கொக்கியை மாட்டினார்கள். அச்சுக்கு முன்னால் பாரம் வேண்டுமே. தையல் மிஷினையும் டிரங்குப் பெட்டிகளையும் மகளின் பலகை மேல் ஏற்றிக் கட்டினார் மாஸ்டர். தடுப்பில் அறுத்த சதுரத்தை அடைக்க ஆணியோடு வந்த தச்சுப் பையனை, இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.