டெல்நெட்டை மூடிய கதை

டெர்மினல் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு விமான நிலையம்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் தலைமுறைக்கு அது பச்சை எழுத்து ஓடுகிற ஒரு பெட்டி. அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் எங்கோ ஈ.டி.பி. அறையில் ஏ.சி. காற்று வாங்கிக்கொண்டிருக்கும். நாம் தூரத்தில் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் அடித்து அதற்குள் நுழைவோம். இப்படித் தூரத்திலிருந்து நுழைய விடும் வாயிற்காப்போனைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உதிரிபாக ஆலைகள் மழைக்குப் பின் காளான் மாதிரி முளைத்தன. அப்படி முளைத்த ஒன்றில் நான் சிஸ்டம்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட கார் கம்பெனிகளுக்கு எங்கள் சரக்கு போகும். இந்தத் தொழிலில் கிடங்கில் குவித்து வைத்து விற்கிற பழக்கம் இல்லை. எந்த நிறம், எந்த மாடல், எந்த வரிசையில் வேண்டும் என்று அங்கிருந்து தகவல் வரும். அதே வரிசையில் லாரியில் ஏற்ற வேண்டும். நம்மால் அங்கே லைன் நின்றால் நிமிடக் கணக்கில் நமக்கு டெபிட் நோட் வரும்.

இத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஸ்கோ யூனிக்ஸ் சர்வர். டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, கேட் எல்லாரும் டெல்நெட் வழியாக அதற்குள் நுழைவார்கள். துறைக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. டெஸ்பாட்ச்சில் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துப் பதினோரு பேர், அத்தனை பேருக்கும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று சொன்னபோதெல்லாம், "காண்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் எதுக்கு சார் தனி லாகின்? இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான்" என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

2002-ல் ஒரு நாள் சி ஷிஃப்டில், ராத்திரி இரண்டே முக்கால் மணிக்கு, ஏற்றாத சரக்கை ஏற்றியதாக யாரோ பதிந்துவிட்டார்கள். காலையில் அங்கே சரக்கு குறைந்தது. டெபிட் நோட் வந்தது. யார் பதிந்தது என்று கேள்வி வந்ததும், அந்த ஷிஃப்டில் டெஸ்பாட்ச் மேஜையில் இருந்த காண்ட்ராக்ட் பையனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் பஸ்ஸில் ஏறாமல் நேராக என் அறைக்கு வந்தான். "சார், நான் போடலை சார். அந்த நேரத்துல கேன்டீன்ல இருந்தேன். கம்ப்யூட்டர்ல பார்த்தா தெரியும்னு சொல்றாங்களே, பார்த்துச் சொல்லுங்க சார்" என்றான். மதுராந்தகம் பக்கத்து ஊர். ஐ.டி.ஐ. படித்தவன். வீட்டில் அவன் சம்பளம் மட்டும்தான்.

பார்த்தேன். யூனிக்ஸில் ‘லாஸ்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. யார், எந்த இடத்திலிருந்து, எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று வரிசையாகக் காட்டும். அந்த இரவு இரண்டே முக்கால் மணிக்கு டெஸ்பாட்ச் லாகின் ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் திறந்திருந்தது. ஒன்று டெஸ்பாட்ச் மேஜை, ஒன்று ஸ்டோர்ஸ், ஒன்று அலுவலக மாடியில் ஒரு பிசி. மூன்றில் எது அந்தப் பதிவைப் போட்டது என்று சொல்ல எங்கள் மென்பொருளில் வழி இல்லை. யார் போட்டது என்று தெரியாதபோது, அவன்தான் போட்டான் என்று மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

இதை ஒரு தாளில் எழுதி மேலே கொடுத்தேன். "மூணு இடத்துல திறந்திருந்தா என்ன, மத்தவங்களுக்கு டெஸ்பாட்ச் பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். ஸ்டிக்கரைச் சொன்னேன். நம்பவில்லை. சரி, ஸ்டிக்கர் இல்லாமலே தெரிந்துகொள்ள முடியும் என்று காட்ட அனுமதி கேட்டேன்.

இங்கே டெல்நெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது 1969-ல், ஆர்ப்பாநெட் காலத்தில் பிறந்தது. 1983-ல் முறையான தரமாக எழுதப்பட்டது. ஒருவரையொருவர் தெரிந்த சில ஆராய்ச்சிக்கூடங்கள் பேசிக்கொள்ள எழுந்த ஏற்பாடு. அதனால் நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் மறைப்பு எதுவும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எழுத்து தெரியாது. அதைப் பார்த்துப் பலர் அது ரகசியமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். திரையில்தான் தெரியாது, கம்பியில் தெரியும். எங்கள் ஆலையில் அப்போது ஸ்விட்ச் கூட இல்லை, ஹப்தான். ஒண்டுக்குடித்தனம் மாதிரி ஒரு வீட்டில் பேசுவது எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

ஒரு பழைய பிசியில் லினக்ஸ் போட்டு, ‘டிசிபிடம்ப்’ என்ற மென்பொருளை ஓடவிட்டேன். அந்த அறையில் இருந்த ஒரு பெரிய அதிகாரியைச் சாதாரணமாக லாகின் செய்யச் சொன்னேன். அவர் அடிக்க அடிக்க, என் திரையில் அவர் பாஸ்வேர்டு ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. அது அவருடைய பெண்ணின் பெயர். அறையில் யாரும் பேசவில்லை. அவரும் கோபப்படவில்லை. "இதை உடனே மூடுங்க" என்றார். பிறகு, "அந்தப் பையனை வரச்சொல்லுங்க" என்றார். ஒன்பது நாள் சம்பளம் போனது போனதுதான், வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பதிவைப் போட்டது யார் என்பது கடைசிவரை தெரியவே இல்லை.

டெல்நெட்டுக்கு மாற்று அப்போதே இருந்தது. 1995-ல் ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாத்து யூலோனன் அதற்கு மருந்தாக எழுதியதுதான் எஸ்.எஸ்.ஹெச். எஃப்.டி.பி.க்கு 21-ஆம் கதவு, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. அவர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். 1999 டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்று இலவசமாகவே வெளியிட்டது. விண்டோஸ் பக்கத்துக்கு இங்கிலாந்துக்காரர் சைமன் டாத்தம் எழுதிய ‘புட்டி’ இருந்தது. ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட் ஷெட்டாக நடந்தேன்.

சர்வர் பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளில் சிலர் இந்தப் பதிவுகளைப் படிக்கிறார்கள் என்று தெரிவதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பூட்டு செய்யத் தற்செயல் எண்கள் வேண்டும். எங்கள் பழைய யூனிக்ஸில் அதைத் தரும் சாதனக் கோப்பே கிடையாது. அதற்கென்று ‘பிஆர்என்ஜிடி’ என்ற ஒரு தனி மென்பொருளைப் பின்னணியில் ஓடவிட வேண்டியிருந்தது.

அமைப்புக் கோப்பில் முதலில் எழுதியது, ரூட் நேரடியாக உள்ளே வரக்கூடாது என்ற வரி. யாராக இருந்தாலும் முதலில் தன் சொந்தப் பெயரில் வரட்டும், பிறகு தேவையென்றால் ரூட்டாக மாறட்டும். அப்போதுதான் பதிவேட்டில் ஆள் பெயர் இருக்கும். அடுத்து, எந்தெந்தக் குழுவினருக்கு அனுமதி என்ற வரி. பட்டியலில் இல்லாதவருக்கு இடமில்லை.

இரண்டு வாரம் டெல்நெட், எஸ்.எஸ்.ஹெச். இரண்டும் கூடவே ஓடின. அதில் ஒரு விஷயம் தெரிந்தது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது நாற்பது பேர் ஒரே நேரத்தில் லாகின் செய்வார்கள். பாஸ்வேர்டு கொடுக்காமல் வாசலில் நிற்கிறவர்கள் பத்துப் பேருக்கு மேல் போனால், அடுத்து வருபவரை எஸ்.எஸ்.ஹெச். சர்வர் திருப்பி அனுப்பிவிடும். வெளித் தாக்குதலைத் தடுக்க வைத்த நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் அதற்குத் தெரியாது. ‘மேக்ஸ் ஸ்டார்ட்அப்ஸ்’ என்ற வரியில் எண்ணை உயர்த்தினேன். வாசலில் நிற்கும் அவகாசத்தைக் குறைத்தேன். நுழைய அரை நிமிடம் ஆகிறது என்று ஸ்டோர்ஸில் புகார் வந்தது. வருகிற பிசியின் பெயரைச் சர்வர் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் காத்திருந்ததுதான் காரணம். எல்லா பிசி பெயரையும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியதும் சரியானது.

எந்த மாற்றம் செய்தாலும் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு ஜன்னலை மூடவே கூடாது. கோப்பைத் திருத்தி, பிழை இருக்கிறதா என்று சோதித்து, சர்வரை மறுபடி தொடங்கி, இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் முதல் ஜன்னலை மூடுவேன். மறுபடி தொடங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் வெளியே விழமாட்டார்கள். மரத்தில் உட்கார்ந்து கிளை வெட்டுகிற வேலை இது. இன்னொரு கிளையில் கால் ஊன்றியிருக்கவேண்டும்.

சாவி முறை வேறு. அதில் ஒரே ஜோடியாக இரண்டு சாவி உண்டு, ஒன்று எல்லாருக்கும் கொடுக்கக்கூடியது, ஒன்று நம்மிடம் மட்டும் இருக்கவேண்டியது. பையன்களுக்கு இதை நான் ராமானுஜரை வைத்துத்தான் சொல்லித்தருவேன். அவர் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில் அல்லவா! திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்னாரே, அப்படிச் சொல்லலாம் பொதுச் சாவியை. தனிச் சாவியைப் பக்கத்து மேஜைக்காரரிடம்கூடக் கொடுக்கக்கூடாது. இன்னொன்று, சாவி இருக்கும் அடைவிலும் நம் வீட்டு அடைவிலும் மற்றவர் எழுதும்படி அனுமதி விட்டிருந்தால் சர்வர் அந்தச் சாவியை மதிக்காது. காரணம் நமக்குச் சொல்லாது, பேசாமல் பாஸ்வேர்டு கேட்கும். இதில் தலையைப் பிய்த்துக்கொண்ட பலரை எனக்குத் தெரியும்.

ஆனால் ஷாப் ஃப்ளோரில் நான் சாவி முறையைக் கொண்டுவரவில்லை. ஒரே பிசியில் மூன்று ஷிஃப்டுக்காரர்கள் உட்காரும்போது அதில் கிடக்கும் சாவி யாருடையது? மறுபடி ஸ்டிக்கர் கதைதான். அங்கே ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து. சாவி எனக்கும், சென்னையிலிருந்து மென்பொருளைப் பராமரித்த பொறியாளர்களுக்கும் மட்டும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐநெட்டிடி கோப்பில் டெல்நெட், ஆர்லாகின் வரிகளின் முன்னால் ஒரு குறி போட்டு மூடினேன். டெல்நெட்டை மூடிவிட்டு ஆர்லாகினை விட்டுவிடுவது முன்வாசலைப் பூட்டிப் புழக்கடையைத் திறந்து வைப்பது போல. அது நம்பிய இயந்திரத்திலிருந்து வந்தால் பாஸ்வேர்டே கேட்காது. பழைய வைஸ் டெர்மினல்களுக்கு எஸ்.எஸ்.ஹெச். தெரியாது. அவற்றை வலையமைப்பிலிருந்து பிரித்து, சர்வரிலேயே ஒரு மல்ட்டிபோர்ட் கார்டு போட்டு நேர்க் கம்பியில் இணைத்தேன்.

புதிய லாகின் கொடுத்த அன்று அந்தப் பையன் தன் பெயரை அடித்து உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி போய்ப் பார்த்தான். "என் பேர்லயே வருது சார்" என்றான். அதற்கப்புறமும் தவறான பதிவுகள் வராமல் இல்லை. ஆனால் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், பெரும்பாலும் அவசரத்தில் ஒரு எண் மாறியிருக்கும், திருத்திவிட்டுப் போவார். யாரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டிய தேவை வரவில்லை.

பிறகு நான் ஒரகடம் பக்கம் மாறினேன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை நம் கண்ணெதிரே மாறியது. 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்ட் என்று பெரிய ஆலைகள் வந்தன. இயந்திரங்களைத் தூர தேசத்திலிருந்தே பழுதுபார்க்கும் காலமும் வந்தது. கொரியாவில் காலை எட்டு மணி நமக்கு விடியற்காலை நாலரை. "எப்பவும் கதவைத் திறந்து வையுங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று கேட்காத சப்ளையர் கிடையாது. நான் நடுவில் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரை நிறுத்தி, எல்லாரும் அதன் வழியாகத்தான், அவரவர் சாவியோடு, வேலை இருக்கும் நேரத்தில் மட்டும் வரவேண்டும் என்று வைத்தேன். முணுமுணுத்தார்கள், வந்தார்கள்.

2024 மார்ச்சில் ஒரு செய்தி படித்தேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்.எஸ்.ஹெச். லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று குடைந்துகொண்டே போய், ‘எக்ஸ்இசட்’ என்ற மென்பொருளில் யாரோ திட்டமிட்டு ஒளித்து வைத்திருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். உலகத்து லினக்ஸ் சர்வர்களுக்குப் பரவவிருந்த ஆபத்து தப்பியது. அரை விநாடி! நம் ஸ்டோர்ஸ்காரர் அரை நிமிடம் என்று புகார் சொன்னபோது எரிச்சல்பட்டவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். பொது லாகின் ஒன்றுகூட விடாதீர்கள். திருடனைப் பிடிக்க அது உதவுமோ இல்லையோ, திருடாதவன் தலை தப்பும்.

அடுத்த பதிவில், வைஸ் டெர்மினலில் பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழியாமல் தொப்பிக் குறியும் ஹெச்சும் வந்து நின்ற தகராறு. அதுவும் ஒரு பெரிய ராமாயணம்.