மாட்டுப்பட்டியில் ஒரு கிழட்டு மெசின்

சகோதரிகளே, கல்முனையிலிருந்து வந்து காரைதீவுச் சந்தியில் திரும்பி, அம்பாறை வீதியால் எப்போதாவது போயிருக்கிறீர்களா? சம்மாந்துறை நகரம் முடிந்ததும் இரு பக்கமும் வயல்தான். பெரும்போகக் காலத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சை. அறுவடை முடிந்த பிறகு போனால் வைக்கோல் வாசமும், அரிதாளில் மேயும் மாடுகளும். அந்த வீதியை விட்டு வாய்க்கால் கட்டு வழியே இரண்டு கட்டை உள்ளே போனால் என் மாமியின் வீடு வரும். கடந்த விடுமுறையில் பிள்ளைகளோடு நான்கு நாட்கள் அங்கே தங்கினேன். அந்த வீட்டில் நான் கண்ட ஒரு பழைய உழவு இயந்திரத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

உழவு இயந்திரத்தில் நமக்கென்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வீட்டின் பாலும் தயிரும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதன் சில்லில்தான் சுற்றுகின்றன.

சுபஹுத் தொழுது முஸல்லாவை மடிக்கும்போதே பட்டியில் கன்றுகள் கத்தத் தொடங்கிவிடும். மாமியும் மருமகளும் பால் கறக்கிறார்கள். நாட்டு மாடுகள் என்பதால் ஒன்று ஒரு போத்தல் தரும், இன்னொன்று இரண்டு போத்தல் தரும், அவ்வளவுதான். கான்கள் நிறைந்ததும் மூத்த மகன் மெசினை எடுக்கப் போவார். "எடுக்கப் போவார்" என்றா சொன்னேன்? உருட்டப் போவார் என்பதே சரி. பற்றரி செத்து நான்கு வருடமாகிறது. ஒவ்வொரு மாலையும் மெசினை வாய்க்கால் கட்டின் சரிவில் ஏற்றி, சில்லுக்குக் கல் வைத்து நிறுத்துகிறார்கள். காலையில் கல்லை இழுத்து, உருள விட்டு, கிளச்சை எடுத்தால் "டொக் டொக்" என்று பிடித்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. காற்றை அமுக்கும் சூட்டிலேயே எண்ணெய் எரிந்துவிடும். மின்சாரமே இல்லாமல் அது ஓடுவதன் இரகசியம் இதுதான்.

அது மெசி பெர்குசன் 135. ஒரு காலத்தில் சிவப்பு நிறம், இப்போது வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. மாமா (அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக) 1970களின் கடைசியில் பழையதாகவே வாங்கினாராம். அந்தக் காலத்தில் களவெட்டியில் கதிரைப் பரப்பி, அதன்மேல் இந்த மெசினைச் சுற்றிச் சுற்றி ஓட்டித்தான் சூடு மிதிப்பார்கள். அதற்கு முன்னர் அந்த வேலையை எருமைகள் செய்தன. இப்போது அறுவடைக்குப் பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன. அதனால் கிழட்டு மெசின் வயலிலிருந்து ஓய்வு பெற்று மாட்டுப்பட்டிக்கு வந்துவிட்டது.

ஓய்வு என்றால் எப்படிப்பட்ட ஓய்வு தெரியுமா? காலையில் பால் கான்களோடு பெரிய வீதிக்கு ஓட்டம். திரும்பும்போது பெட்டியில் புல். கோடையில் குளம் வற்றினால் பீப்பாக்களில் தண்ணீர். அறுவடை முடிந்த கிழமைகளில் வைக்கோல், மழைக்கு முன்னர் அதைக் கூரைக்குள் சேர்த்தாக வேண்டும். அடுத்து எரு. 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைக்குத் தடை வந்ததே, அப்போது அதுவரை இலவசமாகக் கொடுத்த எருவை ஊரே வந்து கேட்டதாம். ஒரே நாளில் பல தடவை பெட்டி நிறைந்து போனதாம். "மாடு பால் தந்ததைவிட சாணி தந்த காசு கூட" என்று மாமி சிரிக்கிறார்.

இந்த வகை மெசினின் பூர்வீகக் கதையும் சுவையானது. வட அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்த ஹரி பெர்குசன் என்ற விவசாயி மகன்தான் இதற்கு அடிப்படை போட்டவர். அதற்கு முந்திய உழவு இயந்திரங்கள் கலப்பையை வண்டிபோல் பின்னால் இழுத்துச் செல்லும். கலப்பை பாறையில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி, மெசின் ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் மூன்று கைகளால் கலப்பையை மெசினோடு சேர்த்துப் பிடித்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் வழி செய்தார். கலப்பையின் பாரம் பின்சில்லில் இறங்குவதால் சிறிய மெசினும் பெரிய வேலை செய்தது. இங்கிலாந்தின் கொவன்ட்றி நகரில் 1946 முதல் 1956 வரை அவருடைய சாம்பல் நிறச் சிறிய மெசின்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த மெசின்களில்தான்! எவரெஸ்ட் ஏறியவரைச் சுமந்த மெசினின் தம்பிதான் மாமி வீட்டில் சாணி சுமக்கிறது. கொவன்ட்றித் தொழிற்சாலை 2002ஆம் ஆண்டின் கடைசியில் மூடப்பட்டது. பிள்ளை இன்னும் ஓடுகிறது.

2022ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்க மாட்டோம். 2021 கடைசியில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் கிடக்க வேண்டியிருந்தது. மகன்மார் இருவரும் கானோடு இரவு பகலாக வரிசையில் நிற்க, இங்கே தாங்கி வற்றி மெசின் நின்றுவிட்டது. பிறகு டீசல் கிடைத்து ஊற்றினாலும் அது ஓடாது, குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக் வர வழியில்லை, கறந்த பால் வெயிலில் திரிகிறது. என்ன செய்தார் தெரியுமா? மாமா செய்வதைப் பார்த்திருந்த மாமியே இறங்கிவிட்டார். பில்டரின் மேலுள்ள சிறிய ஆணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பம்பின் பக்கத்திலுள்ள கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் ஆணியை இறுக்க வேண்டும். அதன்பின் எஞ்சினுக்குப் போகும் குழாய்களிலும் அப்படியே. "ஆணத்தில நுரை எடுக்கிற மாதிரித்தான்" என்றார் என்னிடம். மருமகள் சரிவில் உருட்ட, மூன்றாவது தரம் பிடித்துக்கொண்டதாம். திரிந்த பாலை மட்டும் அன்று வீசினார்கள். அடுத்த நாளிலிருந்து மிஞ்சுகிற பாலைத் தயிராக்கிச் சட்டிகளில் விற்றார்கள், அது இன்றும் தொடர்கிறது.

ஆனால் சகோதரிகளே, இந்தப் பழைய மெசினைப் புகழ்ந்துவிட்டு ஒன்றை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மை செய்தவளாக மாட்டேன்.

மெசினின் பின்னால் சுற்றும் தண்டு ஒன்று உண்டு. அதில் தண்ணீர்ப் பம்பைப் பூட்டுவார்கள். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு கண் இமைப்பில் பல சுற்று. அதற்கு மேல் மூடி இருக்க வேண்டும். மாமி வீட்டு மெசினில் அது எப்போதோ உடைந்துபோய், "பிறகு பார்ப்போம்" என்று விட்டிருந்தார்கள். போன கோடையில் மருமகள் கன்றுக்குத் தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது காற்றில் பறந்த சால்வை நுனியைத் தண்டு பிடித்துவிட்டது. பழைய பருத்தித் துணியானதால் கிழிந்து போனது. புதிய நைலோனாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது. கழுத்தில் ஒரு சிவந்த கோட்டோடு அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிரவு மாமி சாப்பிடவில்லை. விடிந்ததும் மூத்தவரை வெல்டிங் கடைக்கு அனுப்பி, தகட்டில் மூடி செய்யும்வரை பம்பைப் பூட்டவே விடவில்லை. இரண்டு நாட்கள் எல்லோரும் வாளியால் தண்ணீர் சுமந்தார்களாம். உங்கள் வீட்டிலும் இப்படி மெசின் இருந்தால் அந்த மூடி இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். சால்வையும் முந்தானையும் நம்முடையவை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இளைய மகன் மெசினை விற்றுவிட வேண்டும் என்று நிற்கிறார். நான் இருந்தபோதே ஒருவர் வந்து விலை கேட்டார். மாமி உள்ளேயிருந்து, "மாரி முடியட்டும் மனே, பட்டியைக் காட்டுக் கரைக்கு ஏத்திப்போட்டு யோசிப்பம்" என்றார். மழை தொடங்கி வயலில் விதைத்துவிட்டால் மாடுகளை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நடக்க முடியாத கன்றுகள் பெட்டியில்தான் போகும். பட்டியில் முப்பது மாடுகள் சேர்ந்த வருடம், ஸகாத்தாகக் கடமையான ஒரு வயதுக் கன்றை எடுத்துப்போனதும் இதே பெட்டிதானாம். வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

நாங்கள் புறப்பட்ட காலையில் பால் கான்களோடு எங்களையும் பெட்டியில் ஏற்றினார்கள். என் சின்ன மகன் மட்கார்டில் உட்காரப் பார்த்தான். "அங்க இல்ல, பெட்டிக்குள்ள!" என்று மாமி போட்ட சத்தத்தில் பட்டியே திரும்பிப் பார்த்தது. பிறகு அருகில் வந்து, பெட்டிக்குள் கையை நீட்டி, என் சால்வை நுனியை எடுத்து இடுப்பில் செருகிவிட்டுக் கல்லை இழுத்தார்.